கபாகாவின் சிம்மாசனமும் உகாண்டாவின் சமஷ்டியும்

கம்பாலா நகரின் மெங்கோ குன்றில் உள்ள, கபாகா எனப்படும் புகாண்டா மன்னரின் அரண்மனையிலிருந்து எதிர்க்குன்றில் உள்ள புலாங்கே என்னும் சபா மண்டபம்வரை, ஏறத்தாழ ஒரு மைல் தூரத்துக்கு, இறங்கி ஏறும் நேரான சாலை ஒன்று செல்கிறது. புகாண்டா மக்களின் குலங்கள் ஐம்பதுக்கு மேற்பட்டவை. அக்குலங்களுக்கு அடையாளமான விலங்குகளும் பறவைகளும் மீன்களும் அச்சாலையோரத்தில் இன்று சிற்பங்களாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஒரு முனையில் அரசன், மறு முனையில் லுகீகோ என்னும் சபை, நடுவே குலங்கள் என்று ஒரு ராஜ்யத்தின் அமைப்பு முழுவதையும் நடந்தே பார்த்துவிடக்கூடிய இந்தக் குன்றின்மீதுதான், 1966-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் தேதி, சுதந்திர உகாண்டாவின் மத்திய அரசாங்கம் தன் படையை ஏவியது. அரண்மனை தாக்கப்பட்டது, கபாகா இரண்டாம் முட்டேசா தப்பியோடி, 1969-இல் லண்டனில் அகதியாக இறந்தார், சபா மண்டபம் நெடுங்காலம் ராணுவத்தின் தலைமையகமாக இருந்தது. 1962-இல் விழாக்கோலத்துடன் ஏற்கப்பட்ட சமஷ்டி அரசியல் சாசனம் நான்காண்டுகூட நிலைக்கவில்லை.

அந்த நாசத்தைக் கண்டவர்கள் இரண்டு முரண்பட்ட முடிவுகளுக்கு வந்தார்கள். ராஜ்யங்கள் உள்ள நாட்டில் சமஷ்டி என்பது பிரிவினைக்குப் போடும் அஸ்திவாரம் என்றார்கள் மத்திய அரசின் பக்கம் நின்றவர்கள். சமஷ்டியைக் கலைத்ததனால்தான் இடி அமீன் என்னும் படைத்தலைவரின் கொடுங்கோலும் அதன் பின்வந்த உள்நாட்டுப் போர்களும் நாட்டைச் சூறையாடின என்றார்கள், ‘ஃபெடெரோ’ என்ற கோஷத்தை இன்றுவரை கைவிடாத புகாண்டா மக்கள். இரு தரப்பாரும் 1962-ஆம் ஆண்டுச் சாசனத்தை உண்மையான சமஷ்டியென்றே வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். அது சமஷ்டிதானா என்பதை ஆராயாமல், சமஷ்டி உகாண்டாவுக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு விடை காண முடியாது என்பது என் அபிப்பிராயம்.

ஐரோப்பியர் வருவதற்கு முன்னமே புகாண்டா, விக்டோரியா ஏரியின் வடகரையில், நேர்த்தியான நிர்வாகம் கொண்ட ராஜ்யமாக விளங்கியது. ஸ்ஸாசா எனப்படும் கோட்டங்களின் தலைவர்களைக் கபாகா தம் விருப்பப்படி நியமிக்கவும் நீக்கவும் உரிமை பெற்றிருந்தார். அவருக்கு அடுத்தபடி கட்டிக்கிரோ என்னும் முதன்மந்திரி இருந்தார். இப்படி அதிகாரமெல்லாம் அரண்மனையில் குவிந்திருந்தும், குலங்கள் தத்தம் மூதாதையர் நிலங்களோடும் பரம்பரைக் கடமைகளோடும் தனித்து இயங்கின. கசூபியில் உள்ள மன்னர் சமாதியின் பிரமாண்டமான கூரைக்குப் புல்வேயும் உரிமை ‘ங்கேயே’ என்னும் குரங்குக் குலத்தாருக்கே உரியது. வேறு யாரும் அந்த வேலையைச் செய்வதில்லை. அரச குமாரன் தந்தையின் குலத்தைச் சேராமல் தாயின் குலத்தைச் சேர்ந்தவனாகக் கருதப்பட்டதனால், எந்தக் குலத்துப் பெண்ணும் அடுத்த கபாகாவின் தாயாகலாம் என்ற நம்பிக்கை எல்லாக் குலங்களையும் அரியணையோடு பிணைத்துவைத்தது. அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வது ஆப்பிரிக்க மரபுக்கு அந்நியமானது என்று சொல்வோர் இந்த ஏற்பாட்டைக் கவனிப்பதில்லை. ஆயினும் இது ஓர் அரசனின் குடைக்கீழ் ஒரே மொழி பேசிய மக்களிடையே நிலவிய பகிர்வு. பல மொழி பேசும் ஒரு தேசத்தின் பகிர்வுக்கு அதை அப்படியே முன்மாதிரியாக்க இயலாது.

1900-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிரிட்டனின் பிரதிநிதியாகச் சர் ஹாரி ஜான்ஸ்டன் புகாண்டாவோடு செய்துகொண்ட உடன்படிக்கை இந்தச் சமூகத்தின் உறுப்புகளை இடம் மாற்றிவைத்தது. அப்போது கபாகா டாவுடி ச்வா நான்கு வயதும் நிறையாத குழந்தை. அவர் பெயரால் அப்போலோ கக்வா முதலிய மூன்று ராஜப்பிரதிநிதிகள் கையெழுத்திட்டார்கள். ராஜ்யத்தின் பரப்பு 19,600 சதுர மைல் என்று உத்தேசமாகக் கணக்கிடப்பட்டது. அதில் சுமார் 8,000 சதுர மைல் ஆயிரம் தலைவர்களுக்கும் பிரமுகர்களுக்கும் சொந்த நிலமாக ஒதுக்கப்பட்டது. மைலை அளவாகக் கொண்டு பிரித்ததனால் அதற்கு ‘மைலோ’ நிலம் என்றே பெயர் வந்தது. சுமார் 9,000 சதுர மைல் பிரிட்டிஷ் முடியின் வசமாயிற்று. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழையும் கிழங்கும் பயிரிட்டு வந்த குடியானவனுக்கு ஒரு முழம்கூட எழுதிக் கொடுக்கப்படவில்லை. அவன் ஒரே நாளில் கிபான்ஜா என்னும் குத்தகைத் துண்டில் வாழும் குடிவாரக்காரனானான். வாரமும் வரியும் தாங்க முடியாதபடி ஏறியபின், 1927-இல்தான் அவற்றுக்கு வரம்பு கட்டும் சட்டம் வந்தது. இன்று புகாண்டாவின் உரிமைக் கோரிக்கைகளில் முதலிடம் பெறும் ‘9,000 சதுர மைல்’ என்ற முழக்கம் இந்த உடன்படிக்கையில் பிறந்தது என்பதையும், அந்த முழக்கம் மன்னனின் உரிமையைப் பற்றிப் பேசும் அளவுக்குக் குடியானவனின் உரிமையைப் பற்றிப் பேசவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும்.

அதே உடன்படிக்கை, புகாண்டா ஏனைய மாகாணங்களோடு சம அந்தஸ்துள்ள ஒரு மாகாணமாக இருக்கும் என்றும் கூறியது. ஆனால் புகாண்டாவின் தலைவர்கள் அதைப் பிரிட்டிஷ் முடியோடு தாங்கள் நேருக்கு நேர் செய்துகொண்ட ராஜ்ய உடன்படிக்கையாகவே கருதினார்கள். அந்நிய ஆட்சியாளரும் பல காலம் அந்த எண்ணத்தை வளர்த்தார்கள். புகாண்டாவின் படையும் அதிகாரிகளும் மற்றப் பிரதேசங்களை அடக்கி ஆள்வதற்குக் கருவிகளாயினர். புன்யோரோ மன்னர் கபலேகா தோற்கடிக்கப்பட்டு 1899-இல் செய்ஷெல்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார்; அவரது ராஜ்யத்தின் தெற்குக் கோட்டங்கள் புகாண்டாவுக்குப் பரிசாக வழங்கப்பட்டன. புன்யோரோ மன்னர்கள் சிலரின் சமாதிகளே அந்நிய ராஜ்யத்துக்குள் போய்விட்டன. ‘இழந்த கோட்டங்கள்’ என்று வரலாற்றில் பெயர் பெற்ற அந்த மண்தான் பின்னாளில் உகாண்டாவின் சமஷ்டியை முதலில் வெடிக்கவைத்தது.

இடையில் ஒரு சம்பவம். 1953-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரிட்டிஷ் குடியேற்ற நாட்டு மந்திரி ஆலிவர் லிட்டல்டன், கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் ஒரு சமஷ்டியாக இணையக்கூடும் என்று லண்டனில் பேசினார். கென்யாவின் வெள்ளைக் குடியேறிகள் ஆதிக்கம் செலுத்தும் ஒரு சமஷ்டியில் தங்கள் நிலமும் மானமும் பறிபோகும் என்று புகாண்டா அஞ்சியது. கபாகா, தம் ராஜ்யத்துக்குத் தனிச் சுதந்திரம் வேண்டும் என்று கோரினார். கவர்னர் ஆண்ட்ரூ கோஹன் நவம்பர் 30-ஆம் தேதி அவரை நாடுகடத்தினார். இரண்டாண்டு கழித்து, 1955 அக்டோபரில் முட்டேசா திரும்பியபோது அவர் ஒரு ராஜ்யத்தின் மன்னராக மட்டுமல்லாமல் அந்நிய ஆட்சியை எதிர்த்து நின்ற வீரராகவும் வரவேற்கப்பட்டார். அந்நாள்முதல் புகாண்டாவில் கட்சி அரசியலுக்கு முன் அரசபக்தி நின்றது. ‘கபாகா ஒருவரே’ என்ற பொருளுடைய ‘கபாகா யெக்கா’ இயக்கம் 1962 பிப்ரவரியில் லுகீகோவின் 68 இடங்களில் 65-ஐக் கைப்பற்றியது.

சுதந்திரத்துக்கு முன் மன்ஸ்டர் பிரபுவின் தலைமையில் அமைந்த ஆணையம் 1961-இல் சிபாரிசு செய்தபடி, புகாண்டாவுக்குச் சமஷ்டி உறவும், அங்கோலே, புன்யோரோ, டோரோ ராஜ்யங்களுக்கு அரைச் சமஷ்டி உறவும் அளிக்கப்பட்டன. புசோகாவும் அவ்வரிசையில் சேர்ந்தது. நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த ஆச்சோலி, லாங்கோ, தேசோ, கரமோஜா மக்களுக்கு, அவர்களிடம் மன்னர் இல்லாத காரணத்தால், வெறும் ஜில்லா நிர்வாகமே கிடைத்தது. இங்கேதான் அடிப்படைத் தவறு நேர்ந்தது. சமஷ்டி என்பது அங்கங்களின் சமத்துவத்தில் நிற்பது. ஒரு பிரதேசத்தின் அதிகாரம் அங்கே அரியணை இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஏறி இறங்குமானால் அதற்குச் சமஷ்டி என்ற பெயர் பொருந்தாது. அதன் விளைவு உடனே தெரிந்தது. மன்னரில்லாத ஜில்லாக்கள், மன்னர்களுக்கு நிகரான அலங்காரத் தலைவர்களைச் சிருஷ்டிக்கத் தொடங்கின. லாங்கோவில் ‘வோன் ந்யாச்சி’, ஆச்சோலியில் ‘லாலோயோ மபேர்’ என்று புதிய பட்டங்கள் தோன்றின. மன்னராட்சியின்மேல் அந்த மக்களுக்குத் திடீர்ப் பிரியம் பிறந்துவிட்டதாக நினைக்கவேண்டாம். கௌரவமும் அதிகாரமும் கிரீடத்தின் வழியாகத்தான் கிடைக்கும் என்று சாசனமே அவர்களுக்குக் கற்பித்திருந்தது.

1963 அக்டோபரில் கபாகா முட்டேசாவே உகாண்டாவின் ஜனாதிபதியாகவும் ஆனார். ஒரே மனிதர் தேசம் முழுவதற்கும் நடுநிலைத் தலைவராகவும், அத்தேசத்தோடு வழக்காடும் ஓர் அங்கத்தின் மன்னராகவும் இருக்க நேர்ந்தது. வழக்கு தத்துவச் சண்டையாக நில்லாமல் பணச் சண்டையாகவும் இருந்தது. மத்திய அரசு தரவேண்டிய மானியத்தைக் குறித்து, மெங்கோவிலிருந்த புகாண்டா அரசாங்கம் நீதிமன்றம் ஏறியது. எல்லாவற்றுக்கும் மேலாக, இழந்த கோட்டங்களைப் பற்றிய வாக்கெடுப்பைச் சுதந்திரத்துக்கு இரண்டாண்டு கழித்து நடத்தலாம் என்று சாசனம் ஒத்திப்போட்டிருந்தது. புயாகா கோட்டத்தின் ந்டைகா என்னும் இடத்தில், ராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற புகாண்டா வீரர்களைக் கபாகா குடியேற்றினார். அவர்களின் வாக்கால் முடிவு மாறிவிடாதபடி, பிரதம மந்திரி மில்ட்டன் ஒபோட்டேயின் அரசாங்கம் 1962-ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டுமே உரிமை உண்டு என்று விதித்தது. 1964 நவம்பரில் புயாகா, புகங்கைசி ஆகிய இரு கோட்டங்களும் புன்யோரோவுக்குத் திரும்பப் பெரும்பான்மையாக வாக்களித்தன. அந்த முடிவைச் சட்டமாக்கும் பத்திரங்களில் ஜனாதிபதி கையெழுத்திடவேண்டும். ஆனால் அந்த ஜனாதிபதியோ அக்கோட்டங்களை இழக்கும் கபாகா. அவர் மறுத்தார், ஒபோட்டே தாமே கையெழுத்திட்டார். அந்த இடத்தில் முட்டேசாவை நான் குறைகூற மாட்டேன். முன்னோர் ஆண்ட மண்ணைத் தன் கையெழுத்தால் கொடுத்தவர் என்ற பழியை எந்த மன்னர் ஏற்பார்? அவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்த ஏற்பாட்டையே குறைகூற வேண்டும்.

1966 பிப்ரவரியில் ஒபோட்டே சாசனத்தை நிறுத்திவைத்தார். ஏப்ரலில் புதிய சாசனம் பாராளுமன்ற அங்கத்தினர் படித்துப் பார்க்கக்கூட அவகாசமின்றி நிறைவேறியது. மே மாதம் 20-ஆம் தேதி லுகீகோ, மத்திய அரசாங்கம் புகாண்டாவின் மண்ணைவிட்டு வெளியேற வேண்டும் என்று கெடு விதித்தது. நான்காம் நாள் இடி அமீனின் தலைமையில் படை புகுந்தது. 1967-இல் எல்லா ராஜ்யங்களும் ஒழிக்கப்பட்டன. மன்னர்களை ஒழித்த கையோடு, ஜனாதிபதியைக் கட்டுப்படுத்தும் எல்லாத் தடைகளும் ஒழிந்தன. அரண்மனையை இடித்த அதே ராணுவம் ஐந்தாண்டுக்குள் ஒபோட்டேயையும் விரட்டியது.

சமஷ்டியை மறுத்த ஏகாட்சி உகாண்டாவுக்கு ஒற்றுமையைத் தந்ததா என்றால், தந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1986-இல் பதவிக்கு வந்த யோவேரி முசெவேனியின் ஆட்சியில் பரவலாக்கம் என்ற பெயரால் ஜில்லாக்கள் பெருகின. அன்று 33 ஆக இருந்தவை இன்று 130-க்கும் அதிகம். எண்ணிக்கை பெருகப் பெருக ஒவ்வொன்றின் பலமும் சுருங்கிற்று. ஜில்லா சபைகளுக்குச் சொந்த வருமானமாக இருந்த தலைவரி 2005-இல் தேர்தலை ஒட்டி நீக்கப்பட்டது. அதன்பின் அவற்றின் செலவில் மிகப் பெரும் பகுதி, இன்ன காரியத்துக்குத்தான் என்று மத்திய அரசு நிபந்தனையிட்டு அனுப்பும் மானியமாயிற்று. ஒவ்வொரு ஜில்லாவிலும் ஜனாதிபதி நியமிக்கும் கமிஷனர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடவும் தலைநகரின் உத்தரவை எதிர்பார்க்கும் நிர்வாகத்தைப் பரவலாக்கம் என்பது மக்களை ஏமாற்றுவதாகும். உகாண்டாவுக்குச் சமஷ்டி வேண்டும் என்று நான் நினைப்பதற்கு முதற்காரணம் இதுவே. ராஜ்யங்களின் பழம்பெருமை அதற்குக் காரணமன்று.

1993 ஜூலையில் இரண்டாம் முட்டெபி கபாகாவாக முடிசூட்டப்பட்டபோது ராஜ்யங்கள் மீண்டும் உயிர் பெற்றன. 1995-ஆம் ஆண்டுச் சாசனத்தின் 246-ஆம் பிரிவு பாரம்பரியத் தலைவர்களை அங்கீகரித்தது; அவர்கள் கட்சி அரசியலில் ஈடுபடுவதையும் நிர்வாக அதிகாரம் செலுத்துவதையும் தடுத்தது; அவர்களுக்கு விசுவாசமாக இருக்கவோ அவர்களின் செலவுக்குப் பணம் தரவோ எவரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்றும் கூறியது. இந்தக் கடைசி விதியைப் புகாண்டாவின் ஆர்வலர்கள் சிலர் அவமானமாக எண்ணுகிறார்கள். எனக்கோ அந்தப் பிரிவு முழுவதிலும் மிக உயர்ந்த வாசகம் அதுவாகவே படுகிறது. புகாண்டாவின் எல்லைக்குள் வாழும் பன்யாலா, பருலி மக்களும், தேசத்தின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் கம்பாலாவில் வந்து குடியேறிய லட்சக்கணக்கானவர்களும் எந்தக் கபாகாவுக்கும் பிரஜைகளல்லர். 2009 செப்டம்பரில் கபாகா, பன்யாலா மக்கள் வாழும் கயுங்காவுக்குச் செல்வதை, அவர்களின் எதிர்ப்பைக் காரணம் காட்டி அரசாங்கம் தடுத்தபோது கம்பாலாவில் மூண்ட கலவரத்தில் பல உயிர்கள் பலியாயின. சுட்டுக்கொன்ற குற்றம் அரசாங்கத்தின் காவற்படைகளுடையது. ஆனால் சிறுபான்மையோரின் கேள்வி அதனால் பொய்யாகிவிடாது.

டோரோவின் கதை இதைவிடக் கசப்பானது. அரைச் சமஷ்டியில் டோரோ மன்னருக்குக் கிடைத்த அதிகாரத்தின்கீழ், ருவென்சோரி மலைச்சாரலில் வாழ்ந்த பகொன்சோ மக்கள் தங்கள் மொழிக்கும் பதவிக்கும் இடமில்லையென்று கண்டு, 1962-இல் டோரோ சபையைவிட்டு வெளியேறிக் கலகம் தொடங்கினார்கள். கலகம் நாளடைவில் ருவென்சுருரு என்ற தனி ராஜ்யமாக உருவெடுத்து, 2009-இல் அங்கீகாரமும் பெற்றது. 2016 நவம்பரில் காசேசேயில் உள்ள அதன் அரண்மனையை அரசாங்கப் படைகள் தாக்கியபோது நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அங்கோலேயிலோ நிலைமை நேர்மாறு. அங்கே மாடு வளர்த்த பஹிமாவின் மேலாதிக்கத்தை மறவாத, உழுதுண்ட பய்ரு மக்களில் பலர் தங்கள் மன்னர் திரும்புவதையே விரும்பவில்லை. 1993-இல் முடிசூட்ட முயன்றும் அரசாங்கம் அங்கீகாரம் அளிக்கவில்லை. கம்பாலாவில் வளர்ந்த அறிஞர் மஹ்மூத் மம்தானி 1996-இல் வெளியிட்ட தம் நூலில், அந்நிய ஆட்சி கிராமத்துத் தலைவனின் கையில் சட்டத்தையும் நீதியையும் வரியையும் ஒருங்கே கொடுத்து, ‘மரபு’ என்ற பெயரால் ஒரு சிற்றெதேச்சாதிகாரத்தை நிலைநாட்டியது என்று வாதித்தார். ராஜ்யங்களையே சமஷ்டியின் அங்கங்களாக்கினால் அந்தச் சிற்றெதேச்சாதிகாரத்துக்குச் சாசனத்தின் முத்திரையும் கிடைத்துவிடும் அபாயம் உண்டு.

சமஷ்டி மன்னர்களைக் காக்கும் என்ற நம்பிக்கையும் சோதிக்கத்தக்கதே. ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய சமஷ்டியான நைஜீரியாவில் கானோவின் அமீர் முகம்மது சனூசியை 1963-இல் பதவியிறக்கியது மத்திய அரசன்று. வடக்குப் பிரதேசத்தின் அரசாங்கம். அவருடைய பேரனை 2020-இல் பதவியிறக்கியவரும் கானோ மாநிலத்தின் கவர்னரே. அதற்கு முந்தைய ஆண்டில் அந்த அமீரகம் ஐந்தாகப் பிளக்கப்பட்டது. 2024-இல் மாநில சட்டசபை அப்பிளவை நீக்கிப் பேரனை மீண்டும் அமர்த்தியது. மன்னரின் தலைவிதி தூரத்துத் தலைநகரிலிருந்து பக்கத்துத் தலைநகருக்கு மாறிற்று, அவ்வளவுதான். மறுபுறம், சமஷ்டி இல்லாத ஜாம்பியாவில் பரோட்ஸே ராஜ்யத்தின் தன்னாட்சிக்கு 1964-இல் எழுதிக் கொடுத்த உடன்படிக்கையை ஐந்தே ஆண்டில் பாராளுமன்றம் செல்லாததாக்கியது. உடன்படிக்கை மட்டும் காப்பாகாது. அதை ஒருதலையாக மாற்ற முடியாதபடி சாசனமும் நீதிமன்றமும் தடுக்கவேண்டும். அந்தத் தடையே சமஷ்டியின் உயிர்நாடி.

ஆகையால் உகாண்டாவுக்குப் பொருந்தும் சமஷ்டியில் அங்கங்கள் பிரதேசங்களாக இருக்கவேண்டும். ஆச்சோலிக்கும் புகாண்டாவுக்கும் ஒரே அளவான அதிகாரம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையும், தானே விதித்துத் தானே வசூலிக்கும் வரியும் வேண்டும். கபாகா அந்தச் சபையின் திறப்பு விழாவில் அமரலாம். மொழியையும் குலமரபையும் சமாதிகளையும் அவர் காக்கலாம். கட்டிக்கிரோவை ஆளும் பொறுப்பில் வைப்பதானால் அவரை வாக்காளர் தேர்ந்தெடுக்கவேண்டும். 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் 178-ஆம் பிரிவில் பிரதேச அரசாங்கங்களை அனுமதித்தது ஏறத்தாழ இத்திசையில் வைத்த அடியே. ஆனால் கம்பாலாவை அதே திருத்தம் மத்திய அரசின் நிர்வாகத்தில் சேர்த்துக்கொண்டது; வருவாய் வழிகளையும் தெளிவாகத் தரவில்லை. கட்டிக்கிரோ தேர்தலுக்கு நிற்கவேண்டும் என்பதும் மெங்கோவுக்கு உவக்கவில்லை. லுகீகோ அதை நிராகரித்தது. அப்பிரிவு இன்றுவரை ஏட்டில் மட்டுமே இருக்கிறது. கம்பாலாவைப் பற்றிய மெங்கோவின் ஆட்சேபம் நியாயமானது. வரிப்பணம் திரளும் நகரத்தைப் பிரித்துவிட்டுச் சுயாட்சி தருவதில் பயன் குறைவு. கட்டிக்கிரோவைப் பற்றிய ஆட்சேபத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வரி விதிக்கும் கை, வாக்கு கேட்கவும் தயங்கக்கூடாது.

எனினும் சாசனம் எழுதுவோர் தீர்க்காமல் விட்ட முடிச்சு நிலத்தில் இருக்கிறது. 1964-இல் புயாகாவும் புகங்கைசியும் புன்யோரோவுக்குத் திரும்பின; ஆனால் அங்கே புகாண்டாப் பிரமுகர்களுக்கு 1900-இல் வழங்கிய மைலோப் பட்டாக்கள் திரும்பவில்லை. கொடி மாறியும் உழுபவன் வேறொரு ராஜ்யத்தில் வாழும் நிலக்கிழாரின் குடிவாரக்காரனாகவே நீடித்தான். 1998-ஆம் ஆண்டு நிலச்சட்டம் அந்தப் பட்டாக்களை விலைகொடுத்து வாங்க ஒரு நிதியை ஏற்படுத்தியும் வேலை மெதுவாகவே நடந்தது. இதற்கிடையில் தென்மேற்கிலிருந்து பகிகா குடியானவர்களை அரசாங்கமே அங்கே கொண்டுவந்து குடியேற்றியிருந்தது; 2002-இல் அவர்களில் ஒருவர், அவ்விரு கோட்டங்களும் அடங்கிய கிபாலே ஜில்லாவின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, இது புன்யோரோவின் மண், வந்தேறி ஆளக்கூடாது என்று புன்யோரோ மக்கள் கொதித்தெழுந்தார்கள்; வாக்குச்சீட்டில் வென்றவர் விலகி, சமரசமாக ஒரு புன்யோரோக்காரர் தலைவரானார். அறுபதாண்டுக் காலம் புகாண்டாவின்கீழ் தாங்கள் அந்நியராக நடத்தப்பட்டதைக் கண்ணீரோடு சொன்ன மக்களே, தங்கள் மண்ணில் பிறருக்கு அந்த இடத்தைக் கொடுத்தார்கள். பிரதேச சபையில் யார் வாக்களிக்கலாம், யார் தலைவராகலாம், உழுதவனுக்கு நிலத்தில் என்ன உரிமை என்ற மூன்றும் எழுத்தில் திட்டமாகும்வரை, கிபாலேயில் நேர்ந்தது கயுங்காவிலும் காசேசேயிலும் மீண்டும் நேரும்; கம்பாலாவில் எந்த ஆணையம் அமைந்தாலும், அது மெங்கோவுக்குப் போகுமுன் புயாகாவுக்குப் போய் அங்குள்ள கிபான்ஜாக் குடியானவர்களையும் பகிகா குடியேறிகளையும் தனித்தனியே விசாரிக்கட்டும்.